பெரிய ஆபரேஷன்தான் வேண்டும்

கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. பக்கத்து நாற்காலியில் என் வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்துப் போனார். எனக்கோ எழுந்து அந்த அறையைச் சுற்றி ஓடலாம் போலிருந்தது. ஓட முடியாததால்தான் டாக்டரிடம் போனதே. சில மாதங்களாக நின்றால், தும்மினால், காய்கறிப் பையைத் தூக்கினால், கீழே ஏதோ இறங்கி வந்து வெளியே எட்டிப் பார்ப்பது போல ஒரு பாரம்.

"கர்ப்பப்பை இறங்கியிருக்கும்மா. கூடவே சின்னதா ஒரு கட்டியும் இருக்கு. பயப்படற மாதிரி இல்ல. ஆனா எடுத்துடறது நல்லது," என்றார் டாக்டர். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயதிருக்கும். கொண்டையை இறுக்கிக் கட்டியிருந்த விதத்திலேயே ஆள் கறாரானவர் என்று தெரிந்தது.

"எப்படி எடுப்பீங்க?"

அவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கர்ப்பப்பையை எடுத்து வைத்தார். மூடியைத் திறந்தால் உள்ளே எல்லாம் தனித்தனியாகக் கழன்று வரும். அவர் அதைக் கழற்றத் தொடங்கியதுமே என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

"வண்டி சரியா நிக்குதான்னு பார்த்துட்டு வந்துடறேன்."

நாங்கள் பஸ்ஸில்தான் வந்திருந்தோம்.

"மூணு வழி இருக்கும்மா," என்றார் டாக்டர். "ஒண்ணு, கீழ்வழியாவே எடுத்துடறது. வயித்துல ஒரு கீறல்கூட விழாது. உங்களுக்கு ஏற்கெனவே இறங்கியிருக்கறதால அதுதான் சுலபம். ரெண்டாவது, லேப்ராஸ்கோப்பி. வயித்துல சின்னச் சின்னதா துளை போட்டு, கேமரா விட்டுப் பண்றது. மூணாவது, வயித்தைத் திறந்து பண்றது. கட்டி ரொம்பப் பெரிசா இருந்தா, உள்ள ஒட்டிக்கிட்டு இருந்தா அதைப் பண்ணுவோம். உங்களுக்கு அது தேவைப்படாது."

"எதுல ரொம்ப நாள் படுக்கையில இருக்கணும்?"

"மூணாவதுலதான். பெரிய தையல், வலியும் ஜாஸ்தி. கூட ஒரு ஆள் இருந்தே ஆகணும்."

"அதையே பண்ணிடுங்க."

டாக்டர் கையிலிருந்த பிளாஸ்டிக் கர்ப்பப்பை மேஜையில் உருண்டது. "அம்மா, எல்லாரும் எதுல சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்னுதான் கேப்பாங்க."

"நான் எல்லாரும் இல்ல டாக்டர்."

"நல்லா யோசிச்சு, அடுத்த வாரம் வாங்க. வீட்டுல யாரையாவது கூட்டிட்டு வாங்க," என்றவர், கதவைப் பார்த்துவிட்டு, "வண்டி பார்க்கப் போகாதவங்களா," என்றார்.

டாக்டருக்குத் தெரியாது. நான் யோசித்து முடித்துப் பல காலம் ஆகிவிட்டது. காரணம், என் நாத்தனார்.

என் வீட்டுக்காரருக்கு அவர் ஒரே அக்கா. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அவருக்கும் இதே கோளாறு வந்து, ஏதோ ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. "தம்பி வீட்டுல இருந்தாத்தான் எனக்கு மனசுக்குத் தெம்பு" என்று சொல்லி நேராக எங்கள் வீட்டில் வந்து இறங்கினார். ஒரு டாக்ஸி முழுக்கப் பெட்டிகள். ராஜ்யத்தைப் பிடிக்க வருகிறவர்கள்கூட அவ்வளவு மூட்டைமுடிச்சோடு வரமாட்டார்கள்.

மூன்று மாதம் இருந்தார். எனக்கு அது மூன்று யுகம். எங்கள் கட்டிலில் அவர், தரையில் நாங்கள். தலைமாட்டில் எவர்சில்வர் டம்ளரும் ஒரு கரண்டியும். கரண்டியால் டம்ளரை ஒரு தட்டு தட்டினால் வெந்நீர். இரண்டு தட்டினால் கால் அமுக்க வேண்டும். விடாமல் தட்டினால் தலையணை அரை விரல் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"இந்த இடுப்புலேருந்து அந்த இடுப்பு வரைக்கும் கிழிச்சிருக்காங்கடி," என்பார். "உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து மேஜைமேல பரப்பி, எண்ணிப் பார்த்து, திரும்ப உள்ளே அடுக்கியிருக்காங்க. டாக்டருக்கே கை நடுங்கிச்சாம்."

"குளிக்கும்போது உதவிக்கு வரட்டுமாக்கா?"

"வேணாம்மா. தையலைப் பார்த்தா நீ மயங்கி விழுந்துடுவ. அப்புறம் உன்னை யாரு தூக்கறது?"

எவ்வளவு நல்ல மனசு என்று நான் அப்போது கண் கலங்கினேன். அந்தக் கண்ணை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

வெந்நீரையும் காலையும் நான் மன்னித்திருப்பேன். மன்னிக்க முடியாதது பரீட்சை. அப்போது நான் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை போடுகிற வேலை. கல்லைக் கையில் வாங்கினதுமே குறைகிறதா இல்லையா என்று உள்ளங்கை சொல்லிவிடும். சந்தைக்குள் நான் நுழைந்தால் தராசுத் தட்டுகள் தாமாகவே நேராக நின்றுகொள்ளும் என்று பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவளும் நானேதான் என்றாலும், அதில் பொய் அதிகமில்லை. தலைமை ஆய்வாளர் பதவிக்குத் துறைப் பரீட்சை வைத்தார்கள். எழுதினால் எனக்குத்தான் என்று அலுவலகத்துப் பியூனுக்குக்கூடத் தெரியும்.

பரீட்சையன்று காலை, நான் செருப்பை மாட்டும்போது, டம்ளர் வெடித்துவிடும் போல ஒலித்தது.

"தையல் பிச்சுக்கிச்சுடி! ஐயோ, உள்ளே எல்லாம் கழண்டு வருது! என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாத!"

என் வீட்டுக்காரர் ஏற்கெனவே வேலைக்குப் போயிருந்தார். நான் செருப்பைக் கழற்றினேன். டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்றால் வேண்டாம் என்றார். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும் என்றார். பரீட்சை முடிகிற நேரத்துக்கு வலி நின்றது. பசிக்கிறது என்றார்.

என்னிடம் தராசு பிடிக்கக் கற்றுக்கொண்ட பையன் தலைமை ஆய்வாளர் ஆனான். ஓய்வு பெறுகிற நாள் வரை அவன் மேஜைக்கு முன்னால் நின்று, "சார்" என்று சொன்னேன். ஒவ்வொரு "சார்" சொல்லும்போதும் என் காதில் அந்தக் கரண்டி ஒலித்தது.

இப்போது புரிந்திருக்குமே, எனக்கு ஏன் பெரிய ஆபரேஷன் வேண்டுமென்று!

வீட்டுக்கு வந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏங்க, அக்காவுக்கு உடம்பு முடியாதப்ப நான் பார்த்துக்கிட்டேன். இப்ப எனக்குன்னு அவங்களைத் தவிர வேற யாரு இருக்கா?"

அவர் உருகிப்போனார். உருகி வழிந்ததைத் துடைக்க ஒரு துண்டு தேவைப்பட்டது. உடனே போன் போட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"அக்கா, இவளுக்குக் கர்ப்பப்பை எடுக்கணுமாம். நீதான் வந்து இருந்து பார்த்துக்கணும்."

மறுமுனையில் ஒரு மௌனம். அந்த மௌனத்தை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்திருந்தால் இன்றைக்கும் தினமும் ஒரு ஸ்பூன் சாப்பிட்டிருப்பேன்.

"எந்த... எந்த ஆபரேஷன்?"

நான் பலவீனமான குரலில் சொன்னேன். "உங்களுக்குப் பண்ணின மாதிரியே பெரிசுக்கா. இந்த இடுப்புலேருந்து அந்த இடுப்பு வரைக்கும்."

அன்றே ஏற்பாடுகளைத் தொடங்கினேன். கட்டிலை மாடி அறைக்கு ஏற்றச் சொன்னேன். சமையலறை கீழே. நடுவில் திருகு திருகென்று ஏறும் படிக்கட்டு.

"படி ஏறக் கூடாதுன்னு சொல்லுவாங்களே?" என்றார் வீட்டுக்காரர், கட்டிலின் ஒரு காலைத் தோளில் தாங்கியபடி.

"ஒருதடவைதான ஏறப்போறேன். அப்புறம் இறங்கினாத்தானே?"

நாத்தனார் மறுநாளே வந்து நின்றார். உதவிக்கு வரவில்லை, தடுக்க வந்தார்.

"ஏண்டி, உனக்குப் பைத்தியமா? இந்தக் காலத்துல யாராவது வயித்தைக் கிழிச்சுக்குவாங்களா? துளை போட்டு எடுக்கறாங்களாமே!"

"துளையா? வேணாம்க்கா. உங்க உடம்பு பட்டதை என் உடம்பும் படட்டும்."

"எனக்கு முட்டி வலி. மூச்சு வேற வாங்குது. நான் எப்படிடி உன்னைத் தூக்கி உட்கார வைப்பேன்?"

"மெதுவாக்கா. அன்னிக்கு நான் கத்துக்கிட்டேன் இல்ல? நீங்களும் கத்துக்குவீங்க."

அந்த வாரம் முழுக்கப் பிரசாரம் நடந்தது. தேர்தலில் நிற்கிறவர்கள்கூட அப்படி வீடு தேடி வந்ததில்லை. லேப்ராஸ்கோப்பி செய்துகொண்ட ஒரு பெண்மணியை எங்கிருந்தோ அழைத்து வந்தார். அந்தப் பெண்மணி எங்கள் ஹால் நடுவில் நின்று, குனிந்து, கால் கட்டைவிரலைத் தொட்டுக் காட்டினார். கைதட்டினேன். "அருமை. ஆனா எனக்குப் பெரிசுதான்," என்றேன். நாத்தனார் அந்தப் பெண்மணியை இன்னொரு தடவை குனியச் சொன்னார்.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பயமில்லாமல் இல்லை. குளியலறையில் தனியாக நிற்கும்போது வயிற்றில் விரலை வைத்து, இங்கிருந்து இதுவரை வெட்டுவார்கள் என்று இழுத்துப் பார்ப்பேன். விரல் பாதியிலேயே நின்றுவிடும். புண் ஆறாமல் போகலாம், சீழ் பிடிக்கலாம், பிற்காலத்தில் தையல் போட்ட இடம் பிதுங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவசியமே இல்லாமல் நல்ல வயிற்றைக் கிழித்துக்கொள்வது புத்தி கெட்ட வேலை என்று எனக்கும் தெரியும். அப்போதெல்லாம் அந்தப் பரீட்சை நாளை நினைத்துக்கொள்வேன். கழற்றின செருப்பை நினைத்துக்கொள்வேன். விரல் மறு இடுப்பு வரை போய்ச் சேர்ந்துவிடும்.

அடுத்த வாரம் மூவருமாகப் போனோம். கூட வருவேன் என்று நாத்தனாரே பிடிவாதம் பிடித்தார். டாக்டர் மேஜைக்கு அடியில் கையை விட்டதுமே என் வீட்டுக்காரர் வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

"என்னம்மா, யோசிச்சீங்களா?"

"யோசிச்சுட்டேன் டாக்டர். வயித்தைத் திறந்துதான்."

"டாக்டர், நீங்களாவது சொல்லுங்க இவளுக்கு!" என்று நாத்தனார் முன்னால் சாய்ந்தார்.

"நானும் அதைத்தான் சொல்றேன். இவங்களுக்குக் கீழ்வழியாப் பண்றதுதான் எல்லாத்தையும்விட நல்லது. கேக்கமாட்டேங்கறாங்க."

நான் பயந்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டேன். வேலையில் இருந்த காலத்தில் ஒரு கிராம் கூட்டிச் சொல்ல எனக்கு அனுமதியில்லை. ஓய்வு பெற்ற பிறகு டன் கணக்கில் கூட்டுகிறேன். "ஐயோ, கீழ்வழியா வேணவே வேணாம் டாக்டர். அதுதான் உலகத்துலயே கொடூரமான ஆபரேஷனாம். ஆறு மாசம் உட்காரவே முடியாதாம். நடந்தா இடுப்பு எலும்பு தனியா கழண்டு விழுந்துடுமாம். ஒரு பொம்பளைக்குக் குரலே போயிடுச்சாம்."

"யாருடி சொன்னது?" நாத்தனார் மேஜையில் ஓங்கித் தட்டினார். "பச்சைப் பொய்! எனக்கு அதைத்தானே பண்ணாங்க? ஒரு மண்ணும் தெரியல. மறுநாளே எழுந்து நடந்தேன். ஒரு வாரத்துல அந்த ஆஸ்பத்திரி மொட்டைமாடி ஏறித் துணி காயப் போட்டேன். ஒரு கீறல் உண்டா, ஒரு தையல் தெரியுதா? வேணும்னா இப்பவே காட்டறேன், பாரு!"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார், பிறகு பிளாஸ்டிக் கர்ப்பப்பையின் மூடியை ரொம்பக் கவனமாக மூடத் தொடங்கினார்.

என்னைத்தான் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். கள்ள எடைக்கல்லில் திருட்டு மேலே இருக்காது. அடிப்பக்கம் குடைந்து ஈயத்தை எடுத்திருப்பார்கள். அதனால் என் வேலைக் காலம் முழுவதும் எந்தக் கல்லையும் திருப்பி அடியைப் பார்க்காமல் நான் விட்டதில்லை. அப்படிப்பட்ட நான், மூன்று மாதம் எண்ணெய் தேய்த்து, தலை சீவி, கால் அமுக்கி, அந்த வயிற்றை மட்டும் ஒருநாளும் பார்க்கவில்லை.

நாத்தனார் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். உலர்ந்த நெற்றி.

"டாக்டர்," என்றேன். என் குரல் எனக்கே இனித்தது. "கீழ்வழியாவே பண்ணிடுங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா. அக்காவே பண்ணிக்கிட்டிருக்காங்க. எனக்கென்ன பயம்?"

"நல்ல முடிவு. சினைப்பைங்களையும் எடுத்துடலாமா? உங்க வயசுக்கு எடுத்துடறதும் உண்டு, விட்டுடறதும் உண்டு."

"எடுத்துடுங்க. அவங்க ரெண்டு பேரும் எனக்கு முன்னாடியே வேலையிலேருந்து ஓய்வு வாங்கிட்டாங்க. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். அப்புறம் கறாரானார். ஒன்றரை மாதம் கனமானது தூக்கக் கூடாது, படுத்தே கிடக்கக் கூடாது, தினமும் நடக்க வேண்டும்.

"கூட ஆள் வேணுமா?"

"கொஞ்ச நாள் இருந்தா நல்லது."

"கொஞ்ச நாள்னா எவ்வளவு டாக்டர்?"

டாக்டர் நாத்தனாரை ஓரக்கண்ணால் பார்த்தார். "அது வீட்டுக்கு வீடு மாறும்," என்றார். அந்தப் பெண்ணை எனக்கு அந்த நிமிடத்தில் ரொம்பப் பிடித்துவிட்டது.

வெளியே வந்ததும் நாத்தனார் என் கையைப் பிடித்து, மருந்துக்கடைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பிகிட்ட சொல்லிடாதடி. அவன் என்னை அம்மா மாதிரி நினைச்சுக்கிட்டு இருக்கான்."

"பரீட்சை அன்னிக்கு எந்தத் தையல்க்கா பிச்சுக்கிச்சு?"

அவர் தரையைப் பார்த்தார். பிறகு, ஆச்சரியம், உண்மையைச் சொன்னார். "நீ காலையில எழுந்து கண்ணாடி முன்னாடி நின்னு சேலை கட்டினதைப் பார்த்தேன். ஆபீஸர் மாதிரியே இருந்த. நீ பெரிய ஆளாயிட்டா இந்த வீட்டுல எனக்கு யாரு ஒரு டம்ளர் தண்ணி குடுப்பான்னு தோணிச்சு. அவ்வளவுதான்டி."

மனசு இளகியிருக்க வேண்டிய இடம் அது. ஒரு நொடி இளகவும் செய்தது. அதற்குள் அவர், "அதுக்கென்ன இப்ப, நல்லபடியா பென்ஷன் வாங்கிட்டிருக்கியே," என்றார். இளகினது கெட்டியாகிவிட்டது.

"ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா," என்றேன். "ஆனா அந்த ஆபரேஷனுக்கு எத்தனை நாள் படுக்கணும்னு நீங்கதான் காட்டிக் குடுத்திருக்கீங்க. மூணு மாசம். விக்கறதுக்கு ஒரு கல்லு, வாங்கறதுக்கு ஒரு கல்லு வச்சிருந்தவன் ஒருத்தனையும் நான் விட்டதில்ல."

"மூணு மாசமா!"

"எண்ணெய் தேய்க்கறது, தலை சீவறது எல்லாம் சேர்த்து."

தூரத்தில் என் வீட்டுக்காரர் இல்லாத வண்டியைப் பத்திரமாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். "என்ன முடிவாச்சு?" என்று கேட்டார்.

நாத்தனார் முந்திக்கொண்டார். "பெரிய ஆபரேஷன்தான்டா," என்றார். "எனக்குப் பண்ணினதே. நான்தான் கூட இருந்து பார்த்துக்கப் போறேன்."

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. வலி என்றால், கதவிடுக்கில் விரல் நசுங்கினால் வருமே, அந்த அளவுக்குக்கூட இல்லை. இதை வேறு யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வீட்டுக்கு வந்து மாடி அறையில் சாய்ந்துகொண்டேன். நாத்தனார் சூப்போடு ஏறி வருவார். உப்பு போதாது என்பேன். உப்போடு வருவார். ஆறிவிட்டது என்பேன். டாக்டர் சொன்னபடி தினமும் கீழே இறங்கி நடந்தேன். என் கை அவர் தோளில், அவர் கையில் என் குடை, என் தண்ணீர் பாட்டில், நடுவில் உட்கார ஒரு மடக்கு நாற்காலி. தெரு முனை வரை போய்விட்டு, மறுமுனையையும் பார்த்துவிடலாமே என்பேன்.

எல்லாவற்றுக்கும் மேலானது, என்னைப் பார்க்க அவருடைய சம்பந்தி வந்த நாள். நாத்தனாரின் மகனுக்குப் பெண் கொடுத்த அம்மாள் அவர். யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசுகிற வழக்கமே கிடையாது. அவரைக் கண்டால் நாத்தனாருக்கு உள்ளூர நடுக்கம், வெளியே வீறாப்பு.

"என்ன ஆபரேஷன் பண்ணினாங்க?" என்றார் சம்பந்தியம்மாள், கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

"கீழ்வழியா," என்று முனகினேன்.

"அட, அவ்வளவுதானா? அது ஒண்ணுமே இல்லையே! என் தங்கச்சி அதைப் பண்ணிக்கிட்டு மறுவாரமே கடைக்குப் போயிட்டா. இதுக்கா இத்தனை நாளா படுத்திருக்கீங்க? சம்பந்தி, நீங்கதான் உண்மையான பெரிய ஆபரேஷனைப் பார்த்தவங்க. இவங்களை எழுப்பி விட்டுட்டு நீங்க ஊருக்குக் கிளம்புங்க. பேரன் உங்களைத் தேடறான்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்படியே லேசாகத் திறந்து நாத்தனாரைப் பார்த்தேன். "அப்படிங்களாக்கா?" என்றேன். "எழுந்துடலாம்னு நினைக்கிறீங்களா? உங்க அனுபவத்துல சொல்லுங்க."

கையில் தட்டோடு நின்ற அவர் முகத்தில் அத்தனை நிறமும் வந்து போனது. கீழே ஹாலில் அவருடைய தம்பி பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது சம்பந்தி!" என்று சீறினார். "கீழ்வழின்னா என்ன, லேசுன்னு நினைச்சீங்களா? உலகத்துலயே கஷ்டமான ஆபரேஷன் அதுதான்! உள்ளே எல்லாம் தொங்கிக்கிட்டிருக்கும். அசைஞ்சா போச்சு! உங்க தங்கச்சி கடைக்குப் போனாங்கன்னா, அது உங்க குடும்பத்தோட அவசரம். இவளுக்கு மூணு மாசம் ஓய்வு வேணும். நாலு மாசம்னாலும் நான் பார்ப்பேன்!"

"நாலு மாசமா?" சம்பந்தியம்மாள் வாயைப் பிளந்தார்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றேன் நான், மெலிந்த குரலில்.

சம்பந்தியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு டீகூடக் குடிக்காமல் இறங்கிப் போனார். இனி அந்தக் குடும்பத்தில் ஒரு வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. அதற்கு நான் பொறுப்பில்லை.

படிகளில் காலடிச் சத்தம் அடங்கியதும் நாத்தனார் தட்டை ஜன்னல் திட்டில் வைத்தார். கட்டில் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். வியர்வையில் அவர் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"போதுமாடி உனக்கு?"

யோசித்துப் பார்த்தேன். நேர்மையாகத்தான் யோசித்தேன். அவருடைய முட்டியையும் அந்தத் திருகுப் படிக்கட்டையும்கூடச் சேர்த்தே யோசித்தேன்.

"இன்னும் இல்லக்கா," என்றேன்.